மூலையில் வரும் ‘5 வைரஸ்’ எச்சரிக்கை: ஈசூன் தம்பிக்கு விரிவான பதில்

தம்பி கேட்டது சுருக்கமாக இது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள வீட்டில், பணி ஓய்வு பெற்ற அப்பா ஏதோ ஓர் இலவசத் தளத்தில் சீரியல் பார்க்கிறார். சில வாரங்களாகத் திரையின் வலது கீழ் மூலையில் ‘மெக்காஃபி: உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. போன ஞாயிறு திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அலறி, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு போன் நம்பர் வந்தது. அப்பா கூப்பிட்டுவிட்டார். எதிர்முனையில் பேசியவன் எனிடெஸ்க் (தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருள்) போடச் சொல்லி உள்ளே புகுந்து, சிவப்புச் சிவப்பாகப் பிழைகளைக் காட்டி, சரிசெய்ய 399 வெள்ளி கேட்டிருக்கிறான். கார்டு மகனிடம் இருக்கிறது என்று அப்பா சொன்னதும் போனை வைத்துவிட்டான். ஃபார்மட் அடிக்கணுமா, எந்த ஆண்டிவைரஸ் வாங்கணும், போலீசுக்குப் போகணுமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்குத்தான் அவசரம்.

கார்டு எண் கொடுக்கவில்லை, ஆகவே ஒன்றும் போகவில்லை என்று இருந்துவிடாதீர்கள். அவன் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான் என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியவில்லை என்கிறீர்கள். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், திறந்தபடியே கிடந்த ஜிமெயில், டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த வங்கி அறிக்கைகள் எல்லாமே அவன் கண்ணில் பட்டவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியின் வைஃபையை அணையுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதையெல்லாம் உங்கள் கைப்பேசியிலிருந்து செய்யுங்கள், அந்தக் கணினியில் வேண்டாம்.

முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சல் பாஸ்வேர்டு. மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்ற கதவு அங்கேதான் திறக்கிறது. மாற்றியதும் மற்ற சாதனங்கள் அனைத்திலிருந்தும் வெளியேற்றிவிட்டு, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் அப்பாவுடையதுதானா என்று பாருங்கள். மின்னஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் அமைப்பு எதுவும் புதிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து வங்கி. கார்டின் பின்புறம் உள்ள எண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். கூகலில் தேடிக் கிடைக்கும் எண் வேண்டாம். சந்தேகம் வலுவாக இருந்தால், கணக்கை நாமே முடக்கும் அவசர வசதி இங்குள்ள பெரிய வங்கிகளில் இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். பிறகு சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) பாஸ்வேர்டை மாற்றி, செயலியில் உள்ள பயன்பாட்டு வரலாற்றில் அப்பா செய்யாத உள்நுழைவு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

போலீஸ் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பணம் போகாவிட்டாலும் அந்த எண் முடக்கப்பட உதவும். புகாரை இணையத்திலேயே பதியலாம், அல்லது பக்கத்து அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போகலாம். இது மோசடிதானா என்ற சந்தேகமே முதலில் தீர வேண்டுமென்றால் 1799. ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். இதை அப்பாவின் போனில் இப்போதே சேமித்து வையுங்கள். இங்கே இன்னொன்றும் சொல்லணும். சில பெரியவர்கள் ‘இல்லையில்லை, அவர் மைக்ரோசாஃப்ட்காரர்தான்’ என்று பிடிவாதமாகப் பணம் அனுப்பத் துணிவார்கள். அப்படிப்பட்டவர்களின் கணக்கிலிருந்து பணம் வெளியேறாமல் சிறிது காலத்துக்குத் தடுத்துவைக்க, 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மோசடித் தடுப்புச் சட்டம் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. கார்டு மகனிடம் என்று சொன்னாரே, நல்ல சமயோசிதம். அவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

இனி கணினி. இங்கே நடந்தவை மூன்று தனித்தனிச் சங்கதிகள். எல்லாவற்றையும் ‘வைரஸ்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் தீர்வும் குழம்புகிறது.

மூலையில் வந்தது வைரஸும் இல்லை, மெக்காஃபியும் இல்லை. அது குரோம் காட்டும் அறிவிப்பு. அந்த இலவசத் தளங்களில் வீடியோ தொடங்கும் முன் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்’ என்று ஒரு பெட்டி வரும். அது ரோபோ சோதனையே இல்லை. அலவ் என்பது ‘இந்தத் தளம் எனக்கு எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பலாம்’ என்ற அனுமதி. அப்பா ஒரு தடவை அழுத்தியது போதும், தளத்தை மூடினாலும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை வரும்போது அவசரப்பட்டு எதையும் கிளிக் செய்யாமல் அந்தச் சின்னப் பெட்டியை உற்றுப் பாருங்கள். சிவப்புக் கேடயம், பெரிய எழுத்தில் ‘5 வைரஸ்’, அதற்குக் கீழோ மேலோ மங்கலான பொடி எழுத்தில் குரோமின் பெயரும், வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருக்கும். கணினியில் நிஜமாகவே நிறுவப்பட்ட ஆண்டிவைரஸ் தன் சொந்தப் பெயரில் பேசும், ஏதோ ஒரு தளத்தின் முகவரியைச் சுமந்துகொண்டு வராது.

நீக்குவது சுலபம். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் தூக்குங்கள். அதோடு, எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வும் அதே பக்கத்தில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குத் தள அறிவிப்புகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியைப் பயன்படுத்தினால் அதிலும் இதேபோல் செய்யுங்கள். அவருடைய ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோமையும் பாருங்கள், அங்கும் இதே கூத்து நடக்கும்.

இரண்டாவது, சைரன் பக்கம். அது வெறும் இணையப் பக்கம்தான். முழுத்திரைக்குப் போகும் வசதியைப் பயன்படுத்தி மேலே உள்ள பட்டையையும் கீழே உள்ள டாஸ்க்பாரையும் மறைத்துவிடும். சில பக்கங்கள் மவுஸ் அம்பைக்கூட மறைக்கும். பார்ப்பவருக்குக் கணினியே பூட்டிக்கொண்டதுபோல் இருக்கும். உங்கள் ஐபி முகவரி, ‘சிங்கப்பூர்’, எந்த விண்டோஸ் என்றெல்லாம் எழுதிக் காட்டுவார்கள். அது நாம் திறக்கும் எந்தத் தளத்துக்கும் கிடைக்கும் சாதாரணத் தகவல். பத்து விநாடியில் ஓடி முடியும் ‘ஸ்கேன்’ ஒரு பொம்மைப் படம். உலாவிக்குள் இருக்கும் பக்கத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கைப் படிக்க முடியாது. உண்மையான முழு ஸ்கேன் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இழுக்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வர எஸ்கேப் விசையைச் சில விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்கணும். ஒரு தட்டுத் தட்டினால் பல நேரம் போகாது, அப்பா அதைத்தான் செய்திருப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் குரோமைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க். மறுபடி குரோமைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும்; வேண்டாம் என்று மூடுங்கள், இல்லாவிட்டால் சைரன் திரும்ப வரும். மேக் கணினியில் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப். இதெல்லாம் நினைவுக்கு வராத பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் பரவாயில்லை. சேமிக்காத ஒரு ஃபைல் போகலாம், அவ்வளவுதான்.

அந்த எண்ணைப் பற்றி. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இதை அந்த நிறுவனமே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. உங்கள் அப்பா ‘+65-ன்னு இருந்துச்சு, நம்ம ஊர் நம்பர்தானேன்னு கூப்பிட்டேன்’ என்றாராம். நம் ஊரில் 6-இல் தொடங்குவது வீட்டு, அலுவலக இணைப்பு; 8, 9 கைப்பேசி; 3-இல் தொடங்குபவை இணையவழித் தொலைபேசி எண்கள். எண் சிங்கப்பூருடையதாக இருந்தாலும் பேசுபவன் உலகின் எந்த மூலையிலும் உட்கார்ந்திருக்கலாம். நமக்கு வரும் அழைப்பிலும் இதைக் கவனிக்கணும். உள்ளூர் அழைப்புக்கு முன்னால் கூட்டல் குறி வராது. +65 என்று கூட்டல் குறியோடு வந்தால் அது வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது: அவன் உள்ளே வந்து செய்தது. அப்பாவிடம் காட்டிய சிவப்புப் பிழைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. கணினியில் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களைக்கூடப் பதிந்து வைக்கும் குறிப்பேடு. பிரிண்டர் ஒரு கணம் பதில் சொல்லாததும் அதில் சிவப்பு வட்டமாக நிற்கும். கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த கணினியிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். உங்கள் கணினியிலேயே திறந்து பாருங்கள், இதே பட்டியல் அப்படியே வரும். இன்னொரு வித்தை, கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்று தட்டி, ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற தலைப்பைக் காட்டி, ‘பாருங்க சார், வெளிநாட்டுக்காரன் உள்ள இருக்கான்’ என்பது. அந்தத் தலைப்புக்கு எதிர்முனை முகவரி என்றுதான் பொருள். நீங்கள் திறந்து வைத்த யூடியூபும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

பிழைகளைக் காட்டும் அதே வேளையில் பின்னால் இன்னொன்றும் செய்வார்கள். எனிடெஸ்கில் நாம் ‘சரி’ சொல்லாமலே நுழைய ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவார்கள். அல்லது அல்ட்ராவியூவர், ஸ்கிரீன்கனெக்ட் போன்ற இன்னொரு மென்பொருளைச் சத்தமில்லாமல் போட்டுவிடுவார்கள், எனிடெஸ்கை நாம் நீக்கினாலும் அது இருக்கும். விண்டோஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து வைப்பதும் உண்டு. போனிலும் ஒரு செயலி போடச் சொன்னானா என்று அப்பாவிடம் கட்டாயம் கேளுங்கள். 2023-இல் இங்கே ஆண்ட்ராய்டு போனில் வெளியிலிருந்து செயலி இறக்க வைத்து வங்கிக் கணக்கைக் காலி செய்த சம்பவங்கள் வரிசையாக நடந்தன. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து அப்படிப்பட்ட செயலிகளை பிளே புரொடெக்ட் (ஆண்ட்ராய்டு போனில் செயலிகளைச் சோதிக்கும் பாதுகாப்பு வசதி) வழியாகத் தடுக்கும் முயற்சியை முதலில் இங்கேதான் தொடங்கியது. போனில் அப்படி ஏதாவது இறங்கியிருந்தால் போனையும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஃபார்மட் கேள்வி. மூலை அறிவிப்பும் சைரன் பக்கமும் மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதற்கே 80 வெள்ளி, 100 வெள்ளி வாங்கிக்கொண்டு ஃபார்மட் அடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஒருவன் ரிமோட்டில் வந்து போய்விட்டான், அதே கணினியில் அப்பா வங்கி, சிபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு) எல்லாம் பார்க்கிறார் என்றால் என் பதில்: ஆமாம், அழித்துப் போடுங்கள். அவன் விட்டுப்போனதைத் தேடித் தேடி நீக்கி ‘எல்லாம் போய்விட்டது’ என்று உறுதி சொல்ல எனக்கு மனம் வராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் தேவையில்லை. படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். நிறுவும் ஃபைல்கள் எதையும் எடுக்காதீர்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ரீசெட் திஸ் பிசி. அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’, அடுத்து ‘கிளவுட் டவுன்லோட்’, அதாவது விண்டோஸைப் புதிதாக இணையத்திலிருந்தே இறக்குவது. இந்தக் கடைசிப் படிக்கு மட்டும் இணையத்தை இணையுங்கள்.

இன்றே ரீசெட் செய்ய நேரம் இல்லை என்றால் இடைக்காலமாக: செட்டிங்ஸில் நிறுவப்பட்ட மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஞாயிறன்று வந்தவை அனைத்தையும் நீக்குங்கள். குரோமின் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பாருங்கள். வீட்டுக் கணினியின் குரோமில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று வந்தால் ஏதோ ஒன்று குரோமைக் கட்டுப்படுத்தும் ‘பாலிசி’ அமைப்புகளில் கைவைத்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கணினி தானாக அணைந்து, விண்டோஸ் எழும்பும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பும் அவர்களுடைய ஆட்வ்கிளீனரும் போதும், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதெல்லாம் முடிந்தாலும் ரீசெட் ஆகும்வரை அதில் வங்கி வேலை வேண்டாம்.

ஆண்டிவைரஸ் வாங்கும் யோசனைக்கு: வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அந்தக் காசில் படங்களுக்கு ஒரு வெளி டிஸ்க் வாங்குங்கள். ஒரே ஒரு குழப்பம் இருக்கிறது. கடையில் வாங்கும் லேப்டாப்பில் மெக்காஃபியோ நார்ட்டனோ சில மாத இலவசச் சோதனையாக முன்பே போடப்பட்டிருக்கும். காலம் முடிந்ததும் ‘உங்கள் பாதுகாப்பு முடிந்தது’ என்று அதுவும் நச்சரிக்கும். அது பொய் எச்சரிக்கை இல்லை, வியாபாரம். மென்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் நீக்குங்கள். முழுதாகப் போகவில்லை என்றால் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் நீக்குங்கள். அது போனதும் டிஃபெண்டர் தானே எழுந்துகொள்ளும். விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதைக் கவனியுங்கள், ஆண்டிவைரஸைவிட அது முக்கியம்.

‘அந்த மூலை அறிவிப்பைக் கிளிக் செய்தால் உண்மையான மெக்காஃபி தளத்துக்கே போகிறதே’ என்று கேட்டிருந்தீர்கள். அதிலும் ஆச்சரியமில்லை. வாடிக்கையாளரைப் பிடித்து அனுப்புபவருக்கு விற்கும் நிறுவனம் தரகு தருவதுண்டு. நடுவில் நிற்கும் தரகர் பயமுறுத்தி அனுப்புகிறார், நீங்கள் வாங்கினால் அவருக்குப் பங்கு. பயத்தை விற்கும் இந்தத் தொழிலுக்கு வயது அதிகம். வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆண்டிவைரஸ் போன்ற போலிகளை விற்ற கூட்டத்தின் மீது 2008-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2012-இல் 163 மில்லியன் டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2011-இல் மேக் டிஃபெண்டர் என்ற பெயரில் ஆப்பிள்காரர்களையும் பிடித்தார்கள். பெரிய பெயர்களும் இதில் மாட்டியிருக்கின்றன. ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவச ‘உடல்நலப் பரிசோதனை’ செய்தார்கள். ‘கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்அப் வருகிறதா’ என்பதுபோல் நாலு கேள்வி. எதற்காவது ‘ஆமாம்’ என்று குறியிட்டாலே, ஸ்கேன் என்ன கண்டது என்பதைப் பொருட்படுத்தாமல், தீங்குநிரலுக்கான அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது. 2019-இல் அந்த நிறுவனமும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டாலர் கட்டின. 2024-இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு ‘பழுதுபார்க்கும்’ மென்பொருள்களின் நிறுவனங்கள் 26 மில்லியன். ஆகவே ‘பிசி கிளீனர்’, ‘ரெஜிஸ்ட்ரி ஃபிக்ஸர்’ என்று பெயர் வைத்த எதையும் நான் யார் கணினியிலும் விடுவதில்லை.

ரீசெட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேண்டாம். சாதாரணப் பயனர் கணக்கு போட்டுக் கொடுங்கள். ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டு கேட்கும், அந்தச் சாக்கில் உங்களுக்கு ஒரு போன் வரும். விளம்பரத் தடுப்பானாக குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் முழு யூபிளாக் ஆரிஜின். எட்ஜில் இப்படிப்பட்ட முழுத்திரை மிரட்டலைக் கண்டு நிறுத்தும் ஸ்கேர்வேர் தடுப்பு வசதி இருக்கிறது, அமைப்புகளில் இயங்குகிறதா என்று பாருங்கள். சீரியலுக்கு மீவாட்ச் தளத்தில் வசந்தம் (உள்ளூர்த் தமிழ் ஒளிவழி) நிகழ்ச்சிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதை டெஸ்க்டாப்பில் பெரிதாக ஒட்டி வையுங்கள். தமிழ்நாட்டு சீரியல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சந்தா கட்டிவிடுங்கள், இந்தத் தலைவலியைவிட மலிவு. சேமிப்பில் அன்றாடம் தேவைப்படாத தொகையை வங்கியின் பூட்டு வசதியில் போடுங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றிலும் 2023 நவம்பரிலிருந்து இருக்கிறது. பூட்டிய பணத்தை இணையம் வழியே வெளியே அனுப்ப முடியாது.

அந்தக் கூட்டம் திரும்பக் கூப்பிடும் வாய்ப்பும் இருக்கிறது, அப்பாவின் எண் இப்போது அவர்களிடம் உண்டு. அடுத்த தடவை மிரட்ட மாட்டார்கள். ‘எங்கள் நிறுவனம் மூடப்படுகிறது, உங்களுக்குப் பணம் திரும்பத் தரணும், வங்கிக் கணக்கைத் திறங்கள்’ என்பார்கள், அல்லது மோசடியை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி என்பார்கள். பணம் அனுப்பு, வங்கிக் கணக்கு விவரம் சொல் என்று இங்குள்ள அரசாங்க அதிகாரி எவரும் போனில் கேட்க மாட்டார் என்பதை மட்டும் அப்பாவிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். ரீசெட் தொடங்கும் முன், மென்பொருள் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஞாயிறன்று எனிடெஸ்கோடு வேறு என்ன இறங்கியது என்று பார்த்துச் சொல்கிறேன். போலீஸ் புகாரோடு இணைக்கவும் அந்தப் படம் உதவும்.